சிலிண்டர் கட்டிய பிறகு மூச்சை அடக்கலாகாது

கேள்வி: மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவள் நான். வயது 21. விலங்கியலில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். பள்ளி விடுமுறைகளில் நானும் அவருடன் போய் மூச்சடக்கிப் பாசி பறித்திருக்கிறேன். தாய்மாமன் சங்கு குளிக்கிறவர். பவளப்பாறை ஆய்வில் ஸ்கூபா முக்குளிப்பாளராக வேலை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அண்மையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சிலிண்டர் கட்டி இறங்கிப் பார்த்தேன். கால் நடுங்கியது. ஒருமுறை பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டே மேலே வந்துவிட்டேன். ‘உனக்குத் தைரியம் போதாது, இது ஒத்துவராது’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமாவோ, ‘வகுப்புக்கு எதற்குப் பணம், நானே சொல்லித் தருகிறேன்’ என்கிறார். நல்ல ஸ்கூபா முக்குளிப்பாளருக்கு என்னென்ன தகுதி வேண்டும்? அவை எனக்கு இருக்கின்றனவா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: கால் நடுங்கியது ஒன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது மற்றொன்று. உங்களுக்குப் பயிற்சி அளித்தவர் முதலாவதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இதே கரையில் பயிற்சி தருபவன் என்ற முறையில் எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான். நடுக்கம் நாலைந்து முறை இறங்கினால் அடங்கிவிடும். மூச்சைப் பிடித்தபடி மேலேறும் பழக்கத்தை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது. அதைத் திருத்தாமல் உங்களை அனுப்பியதை நான் ஏற்க மாட்டேன்.

காரணம் இதுதான். பாசி பறிக்கும்போது நீங்கள் மேற்பரப்பில் இழுத்த ஒரே மூச்சுடன் இறங்குகிறீர்கள். ஆழத்துக்குப் போகப்போக நீரின் அழுத்தத்தால் நுரையீரலில் உள்ள காற்று சுருங்குகிறது. மேலே வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது, அதற்கு மேல் விரிவதில்லை. ஸ்கூபாவில் நிலைமை தலைகீழ். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு; அங்கே ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி, உங்களுக்குத் தரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வருகிறது. அந்தக் காற்றை நெஞ்சு நிறைய வாங்கி, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரலில் அதற்கு இடம் கிடையாது. நுரையீரல் கிழியலாம், கிழிந்த இடத்தில் காற்று இரத்தக் குழாய்க்குள் புகுந்து மூளை வரை போய் உயிரையே எடுக்கலாம். ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உள்ள ஆபத்து என்று இதை நினைக்க வேண்டாம். நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி அடக்கிக்கொண்டால், ஓர் ஆள் உயரத் தண்ணீரிலிருந்து எழும்பி வருவதே இதற்குப் போதும். ஸ்கூபாவில் எத்தனையோ விதிகள் உண்டு. மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதைத்தான் முதல் விதியாக எல்லா நாட்டிலும் சொல்லித் தருகிறார்கள்.

ஆகவே சிறு வயது முதல் நீங்கள் பெருமையாக வளர்த்துக்கொண்ட திறமையே சிலிண்டர் கட்டியதும் உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடியது. பயம் வந்ததும் உங்கள் உடல் அதற்குப் பழகியதைச் செய்தது, அவ்வளவுதான். கடலையே பார்க்காத ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. சங்குகுளி, பாசிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகம். நல்ல பயிற்றுநர் ஒருவர் உங்களுடன் தண்ணீருக்குள் இருக்கும்போது உங்கள் முகத்தைவிட உங்கள் குமிழிகளைத்தான் அதிகம் பார்ப்பார். குமிழிகள் சீரான இடைவெளியில் கிளம்பிக்கொண்டிருந்தால் உள்ளே எல்லாம் சரி. சில நொடிகள் குமிழியே இல்லையென்றால் நீங்கள் மூச்சை அடக்கிவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். உடனே உங்கள் கண் முன்னால் கையை நீட்டி, மெதுவாக விடுங்கள் என்று சைகை காட்டுவார். ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி பொருத்தும் பயிற்சியில்கூட, வாயில் அது இல்லாத அந்தச் சில நொடிகளில், உதட்டைக் குவித்துச் சின்னச் சின்னக் குமிழிகளாக விட்டுக்கொண்டே இருக்கச் சொல்வது இதற்காகத்தான். இந்தப் பழக்கம் யோசிக்காமலே வரும் வரை இடுப்பளவுத் தண்ணீரை விட்டு நகர வேண்டாம். எத்தனை நாள் ஆனாலும் சரி.

அடுத்தது தைரியம். பயமே இல்லாத மாணவரைவிடப் பயத்தை வாய்விட்டுச் சொல்லும் மாணவருக்குக் கற்றுக்கொடுப்பது எனக்கு எளிது. பயமில்லாதவர் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்க மறக்கிறார். கூட வந்தவர் எங்கே என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கீழே போகிறார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பயம் வந்த பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பயத்தில் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடும். அப்போது கரியமில வாயு முழுமையாக வெளியேறாமல் உடலில் தங்கும். அது தங்கினால் காற்றே போதவில்லை என்ற தவிப்பு வரும். தவிப்பு மூச்சை இன்னும் வேகமாக்கும். இந்தச் சுழலை நிறுத்த ஒரே வழி, கைகால் அசைவை நிறுத்தி, ஒரு கயிற்றையோ கூட இருப்பவரின் கையையோ பிடித்துக்கொண்டு, மூச்சை முழுவதுமாக, நீளமாக வெளியே விடுவது. வெளியே விட்டால்தான் அடுத்த மூச்சு ஆழமாக உள்ளே வரும். இதைச் செய்யத் தெரிந்தவருக்குக் கால் நடுங்கினாலும் குற்றமில்லை.

நான் பார்த்த நல்ல முக்குளிப்பாளர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர். வள்ளத்தின் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இரண்டு மீட்டர் இறங்கினார், காது அடைத்துக்கொண்டது. அரை மீட்டர் மேலே வந்து, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிப் பார்த்து, மறுபடி இறங்கினார். திறக்கவில்லை. இன்னொரு முறை பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்து இருபுறமும் ஆட்டி, விரலால் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, நிதானமாக மேலேறி வள்ளத்தில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் கீழே போய் வரும் வரை அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் செய்த முடிவைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. கட்டிய பணத்தையும் வந்த தூரத்தையும் கணக்குப் பார்த்து இறங்கியிருந்தால் செவிப்பறை கிழிந்திருக்கும். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல முடிகிற மனம் இந்தத் தொழிலில் எல்லாவற்றிலும் மேலான தகுதி என்பது என் உறுதியான கருத்து. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலேகூட முக்குளிப்பை நிறுத்தலாம் என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத சட்டம். அன்று மேலே வர வேண்டும் என்று தோன்றி வந்தது உங்கள் தவறல்ல. வந்த விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கண்ணாடியையும் காதையும் பற்றி இன்னொன்று. அம்மா போடும் கண்ணாடி கண்ணை மட்டும் மூடுவது. அதை ஸ்கூபாவுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ஆழம் கூடும்போது கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்கி, கண்ணையும் சுற்றியுள்ள தோலையும் உறிஞ்சி இழுக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் இரத்தம் கட்டிவிடும். ஸ்கூபா மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதால், இறங்கும்போது மூக்கு வழியாகச் சிறிது காற்றை அதற்குள் விட்டுச் சமன் செய்யலாம். காதையும் வலி வரும் முன்பே, தலை நீரில் மூழ்கிய நொடியிலிருந்தே, அடிக்கடி சமன் செய்துகொண்டே போக வேண்டும். வலிக்கத் தொடங்கிய பிறகு பலமாக ஊதித் திறக்கப் பார்ப்பது காதைக் கெடுத்துவிடும். சளி பிடித்திருக்கும் நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். மாத்திரையின் வேகம் கடலுக்குள் இருக்கும்போது தீர்ந்துவிட்டால், மேலே வரும் வழியில் காது அடைத்துக்கொள்ளும்.

மாமாவைப் பற்றி எழுதச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும். கலங்கல் தண்ணீரில் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் சங்கை அதன் தடத்தை வைத்தே கண்டுபிடிக்கிற கண் எந்தப் பயிற்சி நிலையத்திலும் கற்றுத் தர முடியாதது. அதை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். சிலிண்டர் பாடத்தை அவரிடம் கற்க வேண்டாம். அவர் கம்ப்ரசர் போட்டு, அதிலிருந்து வரும் குழாயில் மூச்சு வாங்கிக் குளிக்கிறவராக இருந்தால், அந்தக் குழாயை நீங்கள் வாயில் வைக்கவே கூடாது. வண்டிகளுக்குக் காற்றடிக்கச் செய்த இயந்திரம் அது. எஞ்சின் புகையும் எண்ணெய் ஆவியும் அதே குழாயில் கலந்து வரும். காற்று எவ்வளவு மீதி இருக்கிறது என்று காட்டும் கருவி கிடையாது. எஞ்சின் நின்றால் மூச்சும் நின்றுபோகும். அதைவிட மோசமானது, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்ற கணக்கே இல்லாதது. அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். வேகமாக மேலே வந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரியும். மூட்டு வலி, தோல் அரிப்பு என்று தொடங்கி, முதுகுத்தண்டைத் தாக்கினால் கால்கள் செயலிழந்துபோகும் அளவுக்கு அது முற்றலாம். அதற்கான அழுத்த அறைச் சிகிச்சை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. மாமாவுக்குக் கடலுக்குப் போய் வந்த இரவுகளில் தோள் மூட்டும் முழங்கையும் வலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வலிக்கிறது என்றால், காற்றுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்து விட்டுவிடாமல், கம்ப்ரசர் போட்டுக் குளித்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இந்தக் காரணத்துக்காகத்தான் ஸ்கூபாவில் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் மேலேறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பதும் வழக்கமாகியிருக்கின்றன. பலமுறை முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பதும் இதனால்தான். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் மலைக்கும் அது பொருந்தும். காலையில் ராமேஸ்வரத்தில் முக்குளித்துவிட்டு இரவே கொடைக்கானலுக்குக் கிளம்பும் சுற்றுலாப் பயணிகள் 2,000 மீட்டருக்கு மேல் ஏறப்போகிறோம் என்பதை நினைப்பதே இல்லை.

இனி, நீங்கள் விரும்பும் வேலைக்கு எது உயிர்நாடியோ அதற்கு வருகிறேன். அது மிதப்பைக் கட்டுப்படுத்தும் திறன். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. ஆழம் குறைவு என்பதால் அங்கே முக்குளிப்பது சுலபம் என்று எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு ஏறி வரும்போது காற்று ஒன்றரை மடங்காகிறது. 5 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போதும் அதே ஒன்றரை மடங்காகிறது. அதாவது கரைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு முழம் ஏறினாலோ இறங்கினாலோ காற்றை ஏற்றி இறக்கும் உங்கள் மிதவை அங்கியிலும் நுரையீரலிலும் உள்ள காற்று ஆழ்கடலில் மாறுவதைவிட வேகமாக மாறும். சற்று மேலே போனால் பந்து போல் எழும்பிவிடுவீர்கள். அதைச் சரிசெய்யக் காற்றை அவசரமாகத் திறந்துவிட்டால் பாறைமேல் விழுவீர்கள். ஆழமான தெளிந்த கடலில் பயின்று சான்றிதழ் வாங்கியவர்கள்கூட நம் பாறைகளுக்கு மேல் வந்ததும் தத்தளிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

விழுந்தால் என்ன என்று கேட்க முடியாது. உருண்டைப் பாறையாக வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. கிளை கிளையாக வளர்பவை சில சென்டிமீட்டர்கள் வளரும், ஆனால் ஒரு துடுப்பு உதையில் முறிந்துபோகும். மன்னார் வளைகுடாவின் பாறைகள் 2010, 2016 ஆம் ஆண்டுகளில் கடல் வெப்பம் ஏறியதால் வெளிறிப் பெருமளவு மடிந்தவை. பிழைத்து நிற்பதை ஆய்வு செய்யப் போகிறவரே அதை உடைத்துவிட்டு வரலாமா? ஆய்வு முக்குளிப்பாளரின் வேலை, பாறைக்கு மேல் அளவு நாடாவை விரித்து, அதன் நெடுகிலும் வயிறு கீழாகக் கிடைமட்டமாக மிதந்தபடி, ஒரு கையில் எழுதுபலகையும் மறு கையில் பென்சிலுமாக, எதையும் தொடாமல், மண்ணைக் கிளப்பாமல், நாடாவுக்கடியில் இருப்பதைக் குறித்துக்கொண்டே போவது. இரண்டு கையும் எழுத்தில் இருக்கும்போது உங்களை ஏற்றி இறக்குவது உங்கள் மூச்சு மட்டுமே. சற்று நீளமாக இழுத்தால் ஒரு சாண் ஏறுவீர்கள். முழுவதும் விட்டால் ஒரு சாண் இறங்குவீர்கள். அதற்குள் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நிலை வந்துவிட்டால் மற்றவை தானாக வரும். வராதவர்கள் இடுப்பில் ஈயத்தைக் கூட்டிக் கட்டிக்கொண்டு சமாளிக்கப் பார்ப்பார்கள். அது மேலும் கெடுக்கும். எவ்வளவு ஈயம் குறைவாகக் கட்டிக்கொண்டு நிதானமாக இறங்க முடிகிறது என்பதைப் பார்த்தே ஒருவரின் தேர்ச்சியைச் சொல்லிவிடலாம்.

மூச்சு நிதானப்பட்டால் காற்றும் மிச்சமாகும். நாம் பயன்படுத்தும் 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் செலவழிப்பவர் 10 மீட்டரில் 30 லிட்டர் செலவழிப்பார். பதற்றப்படுகிறவர் அதைப்போல் இரண்டு மடங்கு. 50 பார் மீதி இருக்கும்போது வள்ளத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். இதைக் கூட வருபவருக்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும், ஏனென்றால் முக்குளிப்பு யாருக்குக் காற்று முதலில் குறைகிறதோ அவருக்காக முடிகிறது. அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் கயிறு பிடித்து நிற்க மைத்துனரைத்தான் வைத்துக்கொள்வார்கள், தன் அக்கா தங்கையின் தாலிக்காகவாவது அவர் கண்ணயர மாட்டார் என்று நம் கரையில் சொல்லுவார்கள். ஸ்கூபாவில் கயிறு இல்லை. உங்களுடன் இறங்குபவர்தான் உங்கள் கயிறு. உங்கள் காற்று தீர்ந்தால் உங்களுக்குத் தர அவர் வைத்திருக்கும் மாற்று ரெகுலேட்டர் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதை வள்ளத்திலேயே தொட்டுப் பார்த்துக்கொள்ளாமல் இறங்கக் கூடாது. தனியாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டு பின்தங்கிவிடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரோடு நான் இறங்குவதில்லை.

கடலை அறிவதில் உங்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளித்துக் கலங்கும், அப்போது வடகடலான பாக் விரிகுடா அடங்கியிருக்கும், வாடை தொடங்கினால் இது மாறும் என்பதெல்லாம் நீங்கள் பிறந்ததிலிருந்து பார்ப்பது. நீவாடு என்ற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அம்மா வள்ளத்திலிருந்து இறங்கும் முன்பே சொல்லிவிடுவார். முதலில் நீவாட்டுக்கு எதிராகப் போய், திரும்பும்போது அதன் போக்கில் வருவது என்ற ஸ்கூபா விதி அவருக்குப் புதிதாக இருக்காது. வெளியூர் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு நீண்ட நேரம் பிடிக்கும்.

உடல் தகுதியைப் பற்றி நினைத்துப் பயப்பட வேண்டாம். தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 200 மீட்டர் இடைவிடாமல் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்தால் போதும், வேகம் பார்ப்பதில்லை. அந்தச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரை அனுமதிக்கும். மாதவிலக்கு நாட்களில் முக்குளிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அதற்கு மருத்துவத் தடை ஏதுமில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உடம்புக்கு எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்து நீங்களே முடிவு செய்யலாம். கருவுற்றிருக்கும்போது மட்டும் கண்டிப்பாகக் கூடாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: ஆம், இருக்கின்றன; ஆனால் ஒரு பழக்கத்தை உடைத்தாக வேண்டும். வேறொரு பயிற்றுநரைத் தேடுங்கள். பணம் கட்டும் முன் அவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். ஒரு பயிற்றுநர் ஒரே நேரத்தில் எத்தனை பேரை இறக்குகிறார்? வள்ளத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறார்களா? மூச்சை அடக்கும் பழக்கம் உள்ளவர் என்று நீங்கள் சொன்னால், ஆழமில்லாத தண்ணீரில் கூடுதல் நேரம் தருவாரா? இதற்கு முகம் சுளிப்பவரிடம் சேர வேண்டாம். கடல்வாழ் உயிரியல் வேலைக்கு, சான்றிதழோடு மேல்படிப்பும் துணை நிற்கும். மண்டபத்தில் இயங்கிவரும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. தேசியப் பூங்காவுக்குட்பட்ட தீவுகளைச் சுற்றி வனத்துறையின் அனுமதியின்றி முக்குளிக்க முடியாது என்பதால், பயிற்சிக்கு உங்களை எங்கே அழைத்துப் போகிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சேரும்போது ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் செய்த அறுவை சிகிச்சை, சிறு வயதில் காதில் சீழ் வடிந்தது என எல்லாம் அதில் கேட்கப்பட்டிருக்கும். பாசி எடுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காதுத் தொல்லை இருப்பது அரிதல்ல. இடம் கிடைக்காமல் போய்விடும் என்று எதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஐயமிருந்தால் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் செவிப்பறையைக் காட்டி, அவர் எழுதித் தரும் சான்றோடு போய்ச் சேருங்கள்.